எண்ணிக்கையா, எடையா? ஓட்டத்திலிருந்து கெட்டில்பெல்லுக்கு மாறுவது குறித்து

பல ஆண்டுகள் நெடுந்தூரம் ஓடியவர்கள், சைக்கிள் மிதித்தவர்கள், நீந்தியவர்கள் பலர் நாற்பதை ஒட்டிய வயதில் ஒரு கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கியிருக்கும். அல்லது எந்த வலியும் இல்லாமலேயே, மாரத்தான் ஓடி முடிக்கிற உடம்பால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கிப்போக முடியவில்லை என்பது உறைத்திருக்கும். வாரத்துக்கு எட்டு, பத்து மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்க வேலையும் குடும்பமும் இனி இடம் தரா. அந்த நேரத்தில் கண்ணில் படுகிறது கெட்டில்பெல் என்கிற, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு. வீட்டு மூலையில் வைத்துக்கொள்ளலாம், இருபது நிமிடம் போதும், மூச்சும் இரைக்கும், வலிமையும் கூடும் என்கிறார்கள். ஓட்டத்தையும் எடைப்பயிற்சியையும் ஒரே கருவி ஈடுசெய்துவிடும் என்பதுதான் அதன் பெரிய வாக்குறுதி.

இந்த வாக்குறுதியில் பாதி உண்மை. நெடுந்தூர வீரர் ஒருவர் வலிமைப் பயிற்சிக்குள் நுழைய கெட்டில்பெல்லைவிட நல்ல வழி அதிகமில்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அவருக்கு அது அவ்வளவு நன்றாகப் பொருந்துவதே அதிலுள்ள ஆபத்தும்கூட. அவருடைய பழைய பழக்கங்களை அந்தக் கருவி எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்கிறது. கையிலிருப்பது இரும்பாக இருந்தாலும் நடப்பது இன்னொரு நெடுந்தூர ஓட்டமாகவே இருந்துவிடக்கூடும். இந்த மாற்றத்தின் நிறை குறைகளை அந்த இடத்திலிருந்துதான் எடைபோட வேண்டும்.

விட்டுப்போவது என்ன?

முதலில், விடப்போகிற பொருளுக்கு உரிய மதிப்பைக் கொடுப்போம். நெடுந்தூரப் பயிற்சி இதயத்தின் வடிவத்தையே மாற்றுகிறது. 1975இல் மார்கன்ராத் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவற்றில் ஒன்று. ஓட்ட வீரர்களுக்கும் நீச்சல் வீரர்களுக்கும் இதயத்தின் இடது கீழறை விரிந்து, ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைக் கொள்வதாக இருந்தது. மல்யுத்த வீரர்களுக்கும் குண்டு எறிபவர்களுக்கும் அறை விரியவில்லை, சுவர்தான் தடித்திருந்தது. பிற்கால ஆய்வுகள் இந்தப் பிரிவினையின் கூர்மையை மழுக்கியிருக்கின்றன. ஆனால் நீண்ட நேரம் நிதானமாக ரத்தத்தை ஓடவிடுவதற்கும், குறுகிய நேரம் பெரும் அழுத்தத்தைத் தாங்குவதற்கும் இதயம் ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை என்ற அடிப்படை மாறவில்லை.

தசைக்குள்ளும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் ஓடியவரின் கால் தசைகளில் நுண்ணிய ரத்த நாளங்கள் அடர்ந்திருக்கும். ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகியிருக்கும். இவை எளிதில் சேர்வதில்லை. ஆனால் ஒரு பகுதி எளிதில் கரைந்துவிடும். 1984இல் கோய்ல் குழுவினர், நன்கு பழகிய நெடுந்தூர வீரர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிக் கவனித்தார்கள். அதிகபட்சமாக ஆக்சிஜனை உட்கொள்ளும் திறன் முதல் மூன்று வாரங்களிலேயே சுமார் 7 விழுக்காடு குறைந்தது. எட்டு வாரத்துக்குள் 16 விழுக்காடு சரிந்து அங்கே நின்றது. நுண்நாளங்கள் குறையவில்லை; ஆற்றல் தயாரிக்கும் நொதிகள்தாம் வேகமாக வீழ்ந்தன. ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிட்டு இரும்பைப் பிடிப்பவர் எதைப் பணயம் வைக்கிறார் என்பதற்கு இது அளவுகோல்.

மாறுவதற்குச் சொல்லப்படும் காரணங்களிலும் எல்லாம் சம எடை கொண்டவையல்ல. நெடுந்தூர ஓட்டம் இதயத்தைக் கெடுக்கும் என்ற அச்சம் அவற்றில் ஒன்று. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டியான வாசலோப்பெட்டில் பங்கேற்றவர்களை வைத்து 2013இல் வந்த ஆய்வு, அதிக முறை போட்டியை முடித்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆனால் அதே போட்டியாளர்களைப் பற்றிய 2003ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களின் இறப்பு விகிதம் பொது மக்களுடையதில் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. வாரத்துக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடுகிற சாதாரண மனிதர் இதயத்துக்குப் பயந்து ஓட்டத்தை விடத் தேவையில்லை.

வலுவான காரணம் வேறு. நெடுந்தூரப் பயிற்சி சிலவற்றைத் தொடுவதே இல்லை. மெதுவாகச் சுருங்கும் தசை இழைகளை அது நன்றாக வளர்க்கிறது. வேகமாகச் சுருங்கி விசை தரும் இழைகளைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடுகிறது. வயது ஏறும்போது முதலில் மெலிவது இந்த இரண்டாவது வகை. தடுக்கி விழப்போகும் நொடியில் காலை முன்னே வீசி ஊன்றவும், தாழ்ந்த இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழவும் வேண்டியவை அவைதான். சாலைச் சைக்கிள் வீரர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. உடலின் எடை இருக்கையில் இருப்பதால் எலும்புக்குச் சுமையே இல்லை. அவர்களில் பலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தோடு, குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் சேர்த்தே கேட்கிறது. ஓடுபவர் முதல் பாதியைப் பல மடங்கு செலுத்திவிட்டு இரண்டாம் பாதியைப் பாக்கி வைத்திருக்கிறார்.

குண்டின் இரண்டு பிறவிகள்

கெட்டில்பெல் ரஷ்யாவின் தானியச் சந்தைகளில் எடைக்கல்லாகப் பிறந்தது. அதன் பழைய அலகு பூத். ஒரு பூத் 16.38 கிலோ. இன்றும் 16, 24, 32 கிலோ என்று குண்டுகள் வருவது ஒன்று, ஒன்றரை, இரண்டு பூத் என்ற அந்தக் கணக்கின் மிச்சம். சந்தையில் பலம் காட்டும் விளையாட்டாக இருந்ததை முறையான உடற்பயிற்சியாக்கியதில் விளாதிஸ்லாவ் கிராயெவ்ஸ்கி என்ற மருத்துவரின் பங்கு பெரிது. 1885இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவர் தொடங்கிய குழுவையே ரஷ்ய எடைதூக்கும் கலையின் தொடக்கமாகக் கொள்கிறார்கள்.

சோவியத் காலத்தில் இது போட்டி விளையாட்டாயிற்று. 1985இல் லிபெட்ஸ்க் நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. விதி கடுமையானது: பத்து நிமிடம், குண்டைத் தரையில் வைக்கக் கூடாது, எத்தனை முறை தலைக்கு மேல் ஏற்றினாய் என்பதே மதிப்பெண். ஒரே கையால் ஏற்றும் ஸ்னாட்சில் கையை ஒரு தடவைதான் மாற்றலாம். முன்னணி வீரர்கள் இரண்டு 32 கிலோ குண்டுகளைப் பத்து நிமிடத்தில் நூறு முறைக்கு மேல் ஏற்றுவார்கள். பெயரளவில் எடைதூக்கல்; உடலியல் கணக்கில் இது முழுக்கத் தாங்குதிறன் போட்டி. ரஷ்ய மரபில் இந்த வீரர்கள் தங்கள் பயிற்சியின் ஓர் அங்கமாக நெடுந்தூரம் ஓடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். குண்டையே தொழிலாகக் கொண்டவர்கள் ஓட்டத்தைக் கைவிடவில்லை.

இரண்டாவது பிறவி அமெரிக்காவில். மின்ஸ்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பாவெல் சத்சூலின் 1998இல் 'மைலோ' இதழில் எழுதிய கட்டுரையும் 2001இல் வெளியிட்ட நூலும் அங்கே இதற்குப் பெரும் கவனத்தைத் திருப்பின. அவருடைய பாணியில் ஒவ்வொரு அசைவும் முழு விசையோடு இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைவு, இடையே ஓய்வு. 2013இல் வந்த அவருடைய 'சிம்பிள் அண்ட் சினிஸ்டர்' திட்டம் தினமும் நூறு ஸ்விங், பத்து டர்கிஷ் கெட்அப் என்பதோடு முடிந்துவிடுகிறது. போட்டி மரபு ஆற்றலைச் சிக்கனம் செய்யச் சொல்கிறது. இந்த மரபு ஆற்றலைக் கொட்டச் சொல்கிறது. இரண்டுக்கும் கருவி ஒன்றே என்பதால், புதிதாக வருபவர் எந்த மரபுக்குள் நுழைகிறோம் என்று தெரியாமலே நுழைந்துவிட முடியும்.

நிறைகள்

இதன் மையப் பயிற்சியான ஸ்விங்கை எடுத்துக்கொள்வோம். முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னே தள்ளிக் குண்டைக் கால்களுக்கு இடையே விட வேண்டும். பிறகு புட்டத் தசைகளைச் சட்டென இறுக்கி இடுப்பை முன்னே கொண்டுவர வேண்டும். குண்டு மார்பு உயரத்துக்குத் தானாக எழும். கைகள் தூக்குவதில்லை, பிடித்திருப்பதோடு சரி. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, காலையில் சிறிய அடிகளாக ஓடுகிறவருக்கு உறங்கிக் கிடக்கும் தசைகள் இவைதான். 2012இல் மெக்கில், மார்ஷல் இருவரும் அளந்தபோது, 16 கிலோ ஸ்விங்கில் புட்டத் தசைகள் தம் முழு இயக்கத்தில் சுமார் 80 விழுக்காடு வரை எழும்பின. அந்த எடைக்கு இது மிகப் பெரிய பலன். குறைந்த சுமையில் மிகுந்த விசையைக் கற்பதற்கு இதைவிட எளிய ஏற்பாடு தோன்றவில்லை.

பலன் வேறு அளவைகளிலும் தெரிகிறது. அதே ஆண்டு லேக், லாடர் இருவரும் நடத்திய ஆய்வில், வாரம் இரண்டு நாள், முப்பது நொடி ஸ்விங், முப்பது நொடி ஓய்வு என்று பன்னிரண்டு சுற்று செய்தவர்களுக்கு ஆறே வாரத்தில் ஸ்க்வாட் வலிமை சுமார் 10 விழுக்காடும் செங்குத்தாகத் தாவும் உயரம் சுமார் 20 விழுக்காடும் கூடின. பயன்படுத்திய குண்டு 12 அல்லது 16 கிலோ மட்டுமே. டென்மார்க்கில் ஜே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, அன்றாட வேலை செய்யும் சாதாரண ஊழியர்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரம் மூன்று முறை என எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு கழுத்து, தோள், கீழ் முதுகு வலி குறைந்தது. முதுகுத் தசைகள் வலுப்பெற்றன.

காலில் இடிப்பு இல்லை என்பதும் முக்கியம். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தரையிலிருந்து வாங்குகிறது. ஸ்விங்கில் பாதம் தரையை விட்டு எழுவதே இல்லை. முழங்காலும் கணுக்காலும் ஓய்வு கேட்கும் காலத்தில், மூச்சை விடாமல் வைத்திருக்க இது உதவும். ஒரு கையில் மட்டும் குண்டைப் பிடிக்கும் பயிற்சிகள் உடம்பைப் பக்கவாட்டில் சாயாமல் காக்க நடுவுடலைப் பழக்குகின்றன. தரையில் மல்லாந்து படுத்து, குண்டைத் தலைக்கு மேல் நிறுத்தியபடியே எழுந்து நிற்கும் கெட்அப், தோளையும் இடுப்பையும் ஒன்றாக வேலை வாங்குகிறது. முன்னோக்கி மட்டுமே போய்ப் பழகிய உடம்புக்கு இந்தத் திசைகளெல்லாம் புதிது.

நடைமுறை வசதியையும் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு குண்டு, ஒரு பாய் விரிக்கும் அளவு இடம், அரை மணி நேரம். சென்னையின் மே மாதத்துப் புழுக்கத்தில், விடிவதற்குள் ஓடி முடிக்க நாலு மணிக்கு எழுந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பயிற்சியைத் தவறவிடச் சாக்குகள் குறைவாக உள்ள முறையே பல ஆண்டுகள் நிலைக்கும். அந்த அளவில் கெட்டில்பெல் பல ஜிம் திட்டங்களைவிட மேல்.

குறைகள்

மிகப் பெரிய குறை, 'ஓட்டத்துக்கு மாற்று' என்ற கூற்றில் இருக்கிறது. ஸ்விங் செய்யும்போது இதயத் துடிப்பு எகிறுவது உண்மை. 2010இல் ஃபாரர் குழுவினர், இளைஞர்களை 16 கிலோ குண்டோடு பன்னிரண்டு நிமிடம் இயன்ற அளவு ஸ்விங் செய்யவைத்தார்கள். இதயத் துடிப்பு உச்சத்தில் சராசரி 87 விழுக்காட்டைத் தொட்டது. ஆனால் ஆக்சிஜன் உட்கொள்ளல் உச்சத்தில் 65 விழுக்காடுதான். இரண்டுக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. 2012இல் ஹல்சி குழுவினர் ஸ்விங்கையும் டிரெட்மில் ஓட்டத்தையும் ஒரே அளவு கடினமாகத் தோன்றும்படி செய்யவைத்து ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக்சிஜன் உட்கொள்ளலும் செலவான கலோரியும் ஓட்டத்தில் தெளிவாகக் கூடுதல்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியது. குண்டை இறுகப் பிடிக்கும்போதும் உடம்பை விறைத்து நிறுத்தும்போதும் தசை தன் ரத்த நாளங்களையே அழுத்துகிறது. நரம்புகள் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகின்றன. அந்தத் துடிப்பு, ஓட்டத்தில் வருவதைப் போல முழுவதும் ரத்தப் பெருக்காக மாறுவதில்லை. கையில் கட்டிய கடிகாரம் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். ஆண்டுக்கணக்கில் அந்த எண்ணையே நம்பிப் பழகியவர், "துடிப்பு 165 போகிறது, ஓட்டத்துக்குச் சமம்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

கெட்டில்பெல் மூச்சுத் திறனை வளர்க்கவே வளர்க்காது என்று சொல்ல வரவில்லை. 2015இல் ஃபலாட்டிக் குழுவினர் கல்லூரிக் கால்பந்து வீராங்கனைகளைப் பதினைந்து நொடி ஸ்னாட்ச், பதினைந்து நொடி ஓய்வு என்று இருபது நிமிடம், வாரம் மூன்று நாள் பயிற்றினார்கள். நான்கு வாரத்தில் அதிகபட்ச ஆக்சிஜன் திறன் சுமார் 6 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் டென்மார்க் ஆய்வில், அவ்வளவு வலி குறைந்தும், மூச்சுத் திறனில் முன்னேற்றம் இல்லை. கடுமையாகவும் திட்டமிட்டும் செய்தால் கிடைக்கும். பொதுவான பயிற்சியில் கிடைக்கும் என்று உறுதி இல்லை. ஏற்கெனவே பத்தாண்டு ஓடி உயர்த்திய திறனைக் காப்பாற்ற அது போதுமா என்பதை எட்டு வாரத்துக்குள் முடியும் ஆய்வுகள் நமக்குச் சொல்லிவிட முடியாது. இந்த இடத்தில் விளம்பரம் சான்றைத் தாண்டி ஓடுகிறது.

இரண்டாவது குறை, வலிமையின் உச்சவரம்பு. 2012இல் ஓட்டோ குழுவினர் ஆறு வார ஒலிம்பிக் பாணி எடைதூக்கலையும் கெட்டில்பெல்லையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் வலிமை கூடியது. ஆனால் ஸ்க்வாட் வலிமை, எடைதூக்கலின் நீண்ட கம்பியான பார்பெல் பிடித்தவர்களுக்கே அதிகம் கூடியது. இதற்குக் கருவியின் அமைப்பே காரணம். பார்பெல்லில் இரண்டரை கிலோ ஏற்றலாம். அதற்கும் கீழே போகலாம். மரபான குண்டுகளில் 16க்கு அடுத்தது 24. அதாவது எடை ஒரே தாவலில் பாதியளவு கூடுகிறது. நான்கு கிலோ இடைவெளியில் வாங்கினாலும், ஒரு கையால் தலைக்கு மேல் ஏற்றும் ப்ரெஸ்ஸுக்கு 12இலிருந்து 16 என்பது பெரிய பள்ளம். அதைத் தாண்ட மரபு சொல்லும் வழி, பழைய எடையிலேயே எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போவது. கருவியே எடையைவிட எண்ணிக்கையின் பக்கம் நம்மைத் தள்ளுகிறது. வலிமை தேடி வந்த ஓட்டக்காரரை அது மறுபடி தாங்குதிறனிடமே கொண்டுபோய் விடுகிறது.

எலும்புக்காக மாறுகிற சைக்கிள் வீரர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த 'லிஃப்ட்மோர்' ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்கள் பங்கேற்றார்கள். பயிற்சிக் குழுவினர் எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், தங்களால் ஒரே முறை தூக்க முடிகிற எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் தூக்கினார்கள். அவர்களுடைய கீழ் முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு கூடியது, மற்றவர்களுக்குக் குறைந்தது. எலும்புக்கு உறைப்பது பாரம். 16 கிலோ குண்டை முந்நூறு முறை ஆட்டுவதை அந்தப் பாரத்துக்கு ஈடாக வைக்க முடியாது.

மூன்றாவது, கற்பதில் உள்ள சிரமம். ஸ்விங் பார்க்க எளிது, செய்யக் கடினம். இடுப்பை மடக்கத் தெரியாதவர் முதுகை மடக்குவார். களைத்த பிறகு தெரிந்தவரும் மடக்குவார். மெக்கில், மார்ஷல் ஆய்வு இதில் முக்கியமான ஒன்றைச் சொன்னது. வழக்கமான எடைதூக்கலில் முதுகெலும்புக் கண்ணிகளின் மீது விழும் சறுக்கு விசைக்கு எதிர்த்திசையில் ஸ்விங்கின் விசை விழுகிறது. சிலருடைய முதுகு இதனால் தேறுவதற்கும், கனமான எடையையே தாங்கும் வேறு சிலருக்கு ஸ்விங்கில் வலி கிளம்புவதற்கும் இது விளக்கமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். 'முதுகு வலிக்கு ஸ்விங் மருந்து' என்று எல்லோருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. கிராஸ்ஃபிட்டில் பரவிய, குண்டைத் தலைக்கு மேல்வரை கொண்டுபோகும் ஸ்விங், தோள் இறுகிய சைக்கிள் வீரர்களுக்கு இன்னும் தொல்லை. மூன்று நாள் சான்றிதழ் வகுப்பு முடித்தவரெல்லாம் இந்த வேறுபாடுகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது, காணொளி பார்த்துக் கற்பது எளிது என்ற நிலை இந்தக் கலைக்கு நல்லதல்ல.

நான்காவது குறை உடம்பைப் பற்றியதல்ல. மெரினாவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் விடியற்காலையில் சேர்ந்து ஓடுபவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் ஒருவருக்கொருவர் கொடுப்பது தோழமை. வெளிக்காற்று, பழகிய பாதை, பேசிக்கொண்டே கடக்கும் தூரம், ஆண்டுக்கொரு பந்தயம். வீட்டு மூலையிலிருக்கும் குண்டு இவற்றில் எதையும் தராது. மாறியவர்கள் ஆறு மாதத்தில் சலித்துப்போனால், பயிற்சி முறையைக் குறை சொல்வதற்குமுன் இந்த இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழக்கம் என்னும் தடை

கருவியின் குறைகளைவிட, அதைப் பிடிப்பவரின் பழக்கம் பெரிய தடை. நெடுந்தூர வீரர் நெஞ்சில் ஊறிய நம்பிக்கைகள் சில உண்டு: அதிகம் செய்தால் நல்லது, ஓய்வு என்பது சோம்பல், களைப்பே உழைத்ததற்குச் சாட்சி. ஓட்டத்தில் இவை அவரை வெகுதூரம் கொண்டுவந்திருக்கின்றன. வலிமைப் பயிற்சியில் மூன்றுமே தவறான வழிகாட்டிகள். கனமான எடையை முழு விசையோடு ஐந்து முறை ஏற்றிவிட்டு, மூச்சு சீராகும்வரை இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்பது அவருக்குப் பயிற்சியாகவே தோன்றாது. ஓய்வைக் குறைப்பார், எடையைக் குறைப்பார், எண்ணிக்கையைக் கூட்டுவார். வியர்வை கொட்டும், திருப்தி வரும். வேகமாகச் சுருங்கும் இழைகள் பழையபடியே பட்டினி கிடக்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பயிற்சியாளர் டேன் ஜான் 2013இல் எழுதிப் புகழ்பெற்ற பத்தாயிரம் ஸ்விங் திட்டம். ஒரு நாளைக்கு 500 என்று இருபது நாள். எண்ணைக் கண்டு மயங்குகிற நெடுந்தூர மனத்துக்கு இது மாரத்தான் மாதிரியே ஒலிக்கும். ஆனால் அவர் வகுத்த முறையில் ஸ்விங் தொகுதிகளுக்கு இடையே ப்ரெஸ், ஸ்க்வாட் போன்ற வலிமைப் பயிற்சி ஒன்று, இரண்டு, மூன்று முறை மட்டும் கனமாக வரும். எண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கனத்தை விட்டுவிட்டால் திட்டத்தின் பாதி போய்விடும். சத்சூலினின் நூறு ஸ்விங் திட்டமும் அப்படித்தான். பத்துப் பத்தாகப் பிரித்து, பேச முடிகிற அளவு மூச்சு திரும்பிய பிறகே அடுத்த பத்து என்கிறது. ஆண்கள் 32 கிலோவுக்குப் போக வேண்டும் என்கிறது. அதே நூறை 16 கிலோவில், ஓய்வே இல்லாமல், தினமும் சில நொடி குறைத்துக் குறைத்துச் செய்பவர் வேறொரு திட்டத்தைச் செய்கிறார்.

தொடக்கத்தில் கிடைக்கும் வேகமான முன்னேற்றமும் கண்ணை மறைக்கும். குண்டு பிடித்த சில வாரத்தில், பயிற்சியே செய்யாத வேறு வேலைகளும் எளிதானதாகப் பலர் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் வலிமைப் பயிற்சியையே அறியாத உடம்புக்கு எந்த நல்ல முறையும் முதல் இரண்டு மூன்று மாதம் அள்ளிக் கொடுக்கும். அதைக் குண்டின் தனி மகிமையாக எண்ணி அதே எடையில் தங்கிவிட்டால், முன்னேற்றம் நின்றுபோனதே தெரியாமல் ஆண்டுகள் ஓடிவிடும்.

மாறுவதானால்

ஓட்டத்தை முழுக்க விட்டால்தான் வலிமை வரும் என்ற எண்ணத்துக்கு ஹிக்சன் 1980இல் வெளியிட்ட ஆய்வை ஆதாரமாகக் காட்டுவார்கள். வலிமையையும் தாங்குதிறனையும் சேர்த்துப் பயின்றவர்களின் வலிமை ஏழு வாரம்வரை ஏறி, பிறகு தேங்கிப் பின்வாங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் எடையும் ஆறு நாள் கடும் தாங்குதிறன் பயிற்சியும் செய்தவர்கள். வாரம் இரண்டு நாள் நிதானமாக ஓடுகிறவருக்கு அந்தத் தடை பெரிதாக வராது. எதிர்த்திசையில் பார்த்தால் லாபமே இருக்கிறது. நார்வேயில் ஸ்டோரன் குழுவினர் 2008இல் காட்டியபடி, தேர்ந்த ஓட்ட வீரர்கள் எட்டு வாரம், நான்கு நான்காக மட்டும், மிகக் கனமான அரை ஸ்க்வாட் செய்ததில், அதே வேகத்தில் ஓட ஆகும் ஆக்சிஜன் செலவு 5 விழுக்காடு குறைந்தது. உடல் எடை கூடவில்லை. பலன் தந்தது எண்ணிக்கை அல்ல, கனம்.

ஆகவே இந்த மாற்றத்தை நான் இப்படிப் பரிந்துரைப்பேன். வாரத்தில் மூன்று நாள் குண்டு. இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் நாற்பது முதல் அறுபது நிமிடம் ஓட்டம் அல்லது சைக்கிள். ஸ்விங் பத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். ப்ரெஸ், குண்டை மார்போடு பிடித்துச் செய்யும் ஸ்க்வாட் இரண்டும் ஐந்துக்குள் நிற்கட்டும். ஆறாவது எளிதாகத் தோன்றினால் எடையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. ஸ்விங்கும் ப்ரெஸ்ஸும் தராத இழுக்கும் வலிமைக்குக் கம்பியில் தொங்கி ஏறும் புல்-அப் சேர வேண்டும். முதல் மாதம் இடுப்பு மடக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரின் கண்முன் பழக வேண்டும். முதுகு வலியோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் தொடங்குவதற்குமுன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு கால்களுக்கும் எலும்புக்கும் குண்டு போதவில்லை என்று தோன்றினால், பார்பெல்லில் டெட்லிஃப்ட்டும் ஸ்க்வாட்டும் கற்கத் தயங்க வேண்டாம். குண்டு கற்றுக்கொடுத்த இடுப்பு அசைவு அங்கேயும் உதவும்.

பந்தயங்களை இன்னும் விரும்புகிறவர் மாறத் தேவையே இல்லை, சேர்த்துக்கொண்டால் போதும். ஓட்டத்தின் மீது பற்று வற்றி, உடம்பு வலுவாக முதுமைக்குள் நுழைய வேண்டும் என்று விரும்புகிறவருக்கு இந்த மாற்றம் நல்லது, ஓட்டத்தின் ஒரு பங்கை மிச்சம் வைத்துக்கொண்டால். நேரமில்லை என்பதற்காக மட்டும் மாறி, இருபது நிமிடத்தில் இரண்டும் கிடைத்துவிடும் என்று நம்புகிறவருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது.

ஓராண்டு கழித்து மூன்றைச் சரிபார்க்கலாம். பிடிக்கிற குண்டு தொடக்கத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமாகியிருக்கிறதா? தொகுதிகளுக்கு இடையே ஓய்வெடுக்கப் பொறுமை வந்திருக்கிறதா? நிதான ஓட்டத்தின் வேகம் அதே இதயத் துடிப்பில் பெரிதாகச் சரியாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்த மனிதர் தாங்குதிறனை இழக்காமல் வலிமையைச் சேர்த்திருக்கிறார். கெட்டில்பெல் தன்னால் தர முடிந்ததை முழுமையாகத் தந்துவிட்டது. முதல் இரண்டுக்கும் பதில் 'இல்லை' என்பதானால் குண்டை மாற்றியோ திட்டத்தை மாற்றியோ பயனில்லை. எண்ணிக்கையைக் குறைத்து, எடையைக் கூட்டி, நின்று மூச்சுவாங்கப் பழகுவதிலிருந்து அவர் மறுபடி தொடங்க வேண்டும்.